நானூற்றுப் பதினேழில் இருபத்தைந்து

வெர்னா கோச்சுரெக் பதினேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பதினான்காம் நம்பர் தடம். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்குள் கொட்டகைக்கு வந்து, டயரை உதைத்துப் பார்த்து, விளக்குகளைப் போட்டு அணைத்து, ஐந்தே முக்காலுக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அவள் வண்டிக்குப் பக்கத்தில்தான் என் வண்டி நிற்கும். பதினோரு வருடப் பழக்கம். சாலையில் பனி உறைந்து வழுக்கியபோதும், பின் இருக்கையில் இரண்டு தடியன்கள் கட்டிப் புரண்டபோதும் அவள் பதறி நான் பார்த்ததில்லை. போன ஏப்ரலில் பார்த்தேன். டயரை உதைக்க மறந்து, காபிக் கோப்பையோடு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காரெட் இருபத்தஞ்சாவது இடத்துல இருக்கான்," என்றாள். காரெட் அவளுடைய ஒரே மகன். பதினொன்றாம் வகுப்பு.

"நல்ல விஷயம்தானே? என் பையன் எத்தனாவதுன்னு சொல்லவே பள்ளிக்கூடத்துல வெட்கப்பட்டாங்க."

"உனக்கென்னய்யா, நீ சிரிப்பே."

டெக்சாஸில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பதைப்பு பழகிப்போனது. வகுப்பில் முதல் ஆறு சதவீதத்துக்குள் வந்துவிட்டால் ஆஸ்டினில் இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. கெஞ்ச வேண்டாம், விண்ணப்பக் கட்டுரையில் கண்ணீர் விட வேண்டாம். ஒரு இடம் தள்ளி நின்றால் பல்லாயிரம் பேரோடு குவியலில் கிடக்க வேண்டியதுதான். வெர்னாவின் எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் குவியலில் விழுந்தாள். எழுந்து வரவேயில்லை.

அதனால் எங்கள் ஹோலப் க்ரீக் ஊரில் பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் படிக்கிறார்கள். இடக் கணக்கில் எந்தப் பாடத்துக்குக் கூடுதல் மதிப்பு, எதற்கு இல்லை என்று ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். வெர்னா அங்கேதான் கோட்டை விட்டாள். காரெட் பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுவான். வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் அவன் குழுவோடு தொப்பி மாட்டிக்கொண்டு அணிவகுத்து நடப்பதைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை. மூன்று வருடமும் பாண்டு வகுப்பில் இருக்க வைத்தாள். பாண்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடையாது. அதில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், கடினமான வேதியியலில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவனுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். பாண்டு இல்லாமல் இருந்தால் பன்னிரண்டாவது இடத்தில் இருந்திருப்பான் என்று பள்ளி ஆலோசகர் அம்மாள் சொன்னாராம். அதை எதற்காகச் சொன்னார் என்று எனக்கு இன்னும் கோபம். முடிந்துபோனதைச் சொல்லி ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுப்பானேன்?

அது போதாதென்று ஒரு கணக்கு வேறு. பதினொன்றாம் வகுப்பில் மொத்தம் நானூற்றுப் பதினேழு பேர். ஆறு சதவீதம் என்றால் இருபத்தைந்தும் சொச்சமும். சொச்சத்தை எங்கள் பள்ளியில் வெட்டிவிடுவார்கள். ஆக இருபத்தைந்து இடம். கடைசி இடம் காரெட்டுக்கு. வெர்னா சும்மா இருக்காமல் நானூற்றுப் பதினாறுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள். இருபத்து நாலு புள்ளி ஒன்பது ஆறு. வெட்டினால் இருபத்து நாலு.

"ஒரே ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போனாப் போதும், என் பையன் வெளிய," என்றாள். "மே கடைசி நாள் எத்தனை பேர் இருக்காங்களோ அதுதான் கணக்காம். அவன் மார்க்கை அவன் பாத்துப்பான். மத்த நானூத்திப் பதினாறு பேரை யாரு பாத்துக்கறது?"

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று. பேருந்தில் ஒருவன் "எங்கப்பாவுக்கு டாலஸுக்கு மாத்தலாகுதாம்" என்றால் இவளுக்கு வியர்த்துவிடும். அவன் ஒன்பதாம் வகுப்பு என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு பாதியானது.

அந்தச் சமயத்தில்தான் ஷெல்பி டேட்டம் வாயைத் திறந்தாள். சரளைச் சாலைக் கோடியில், சக்கரத்தில் நிற்கும் ஒரு டிரெய்லர் வீட்டில் இருப்பவள். காலையில் முதலில் ஏறுவாள், மாலையில் கடைசியாக இறங்குவாள். ஒரு வருடம் தோற்றதால் பதினெட்டு வயதாகியும் பதினொன்றாம் வகுப்பு. எப்போதும் ஓட்டுநருக்குப் பின் இருக்கை.

"மிஸ் வெர்னா, அடுத்த வாரத்துலேந்து நான் வரமாட்டேன்."

"ஏன்டி?"

"கோழி வெட்டற ஆலையில அத்தை வேலைக்குச் சொல்லிட்டாங்க. வீட்டுலயே படிக்கப்போறான்னு அம்மா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதும், பேரை எடுத்துடுவாங்க."

"வீட்டுல யாரு உனக்குப் பாடம் எடுப்பா?"

"டிவி."

வெர்னா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். 

"மே முடியட்டும் கண்ணு. அதுவரைக்கும் வா. எனக்காக வா."

ஷெல்பி கண்ணாடியில் அவளை விசித்திரமாகப் பார்த்தாளாம். அவளிடம் யாரும் அப்படிக் கெஞ்சியதில்லை. சரி என்றாள்.

எங்கள் விதிப்படி நிறுத்தத்தில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. வெர்னா இரண்டையும் காற்றில் பறக்கவிட்டாள். ஷெல்பி வராவிட்டால் நிற்பாள், ஹாரன் அடிப்பாள், இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவாள். பழக்கூழ் வைத்த கொலாச்சி பன்னைத் துணியில் சுற்றி எடுத்துப் போவாள். மே முதல் வாரம் நாட்டு வரலாற்றுப் பரீட்சை. அதில் தோற்றால் அந்தப் பெண் மறுநாளே ஓடிவிடுவாளோ என்று பயந்து, ஓட்டிக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"உள்நாட்டுச் சண்டை எந்த வருஷம்டி முடிஞ்சுது?"

ஷெல்பி முழிப்பாள். பின்னால் இருந்து நாற்பது பிள்ளைகள் கத்தும். மறுநாள் ஷெல்பியே கத்துவாள். அந்த வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றால் காது அடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன். "இதெல்லாம் அந்தப் பொண்ணுக்காகவா?"

"பொய் சொல்ல மாட்டேன்யா. என் பையனுக்காகத்தான்."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"வாயை மூடு," என்றாள். நான் மூடிக்கொண்டேன். அன்று இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

ஷெல்பி வரலாற்றில் தேறினாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு வாரத்துக்கு எல்லோரிடமும் காட்டினாள், என்னிடமும் காட்டினாள்.

மே கடைசி நாள் வந்தது. நானூற்றுப் பதினேழு பேரும் இருந்தார்கள். மத்தியானம் ஆலோசகர் அம்மாள் வெர்னாவுக்குப் போன் செய்து, இருபத்தைந்தாவது இடம் நிலைத்துவிட்டது என்று சொன்னார். கொட்டகைக்கு நடுவில் நின்று கூச்சல் போட்டு என்னைக் கட்டிப் பிடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மாலையில் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டாள். ஷெல்பி மட்டும் மிச்சம். சரளைச் சாலைக் கோடியில் கதவைத் திறந்தாள். ஷெல்பி உடனே இறங்கவில்லை.

"காரெட்டுக்கு இடம் உறுதியாயிடுச்சா, மிஸ் வெர்னா?"

வெர்னா திரும்பிப் பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

"அவனே சொன்னான். போன வாரம் சாப்பாட்டுக் கூடத்துல வந்து, முகமெல்லாம் சிவந்துபோய், எங்கம்மா என் இடத்துக்காகத்தான் இப்படிப் பண்றாங்கன்னு மன்னிப்புக் கேட்டான். நல்ல பையன். நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. மே முடியறவரைக்கும் வரச் சொன்னீங்க, வந்துட்டேன்."

"ஷெல்பி, ஆகஸ்ட்லயும் வாடி. இன்னும் ஒரே ஒரு வருஷம்தான்."

"ஆகஸ்ட்ல உங்களுக்கு நான் எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். வெர்னா இருக்கைப் பட்டியை அவிழ்த்தாள். அவள் படியிறங்குவதற்குள் அந்தப் பெண் சரளையில் பாதி தூரம் நடந்துவிட்டாள்.

"எனக்கு வெட்கமா இருந்துச்சு," என்று அன்று இரவு போனில் அழுதாள். "ஆறு வாரமா அவளுக்குப் பன் குடுத்தேன். அவளுக்கு என்ன பிடிக்கும்னு ஒருநாள்கூடக் கேக்கலயே."

கோடையில் இரண்டு தடவை தன் காரில் அந்த டிரெய்லருக்குப் போனாள். இரண்டு தடவையும் ஷெல்பி ஆலையில் இருந்தாள். அவள் அம்மா வலைக்கதவுக்குப் பின்னால் நின்றபடி, லெட்டர் கொடுத்தாகிவிட்டது என்றாளாம். காரெட்டும் ஒருநாள் போய் நின்றுவிட்டு வந்தான்.

ஆகஸ்டில் நிறுத்தங்களின் பட்டியலோடு புதுத் தடத்தாள் வந்தது. பதினான்காம் தடத்தில் சரளைச் சாலை நிறுத்தமே இல்லை. பள்ளி திறந்த அன்று காலை ஆறு மணிக்கு நான் என் முதல் பிள்ளையை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் அலுவலகத்துக்காரன் குரல் கேட்டது.

"பதினாலு, எங்க நிக்கறே? அந்த நிறுத்தம் லிஸ்ட்லயே இல்லையே."

"தெரியும்," என்றாள் வெர்னா.

"யாராவது ஏறினாங்களா?"

 அவள் தன் வண்டி ஹாரனை இரண்டு தடவை அடிப்பது ரேடியோவில் கேட்டது.

"இல்ல. இன்னும் ஒரு நிமிஷம் குடு."