ஐந்து பிட்டுகளைக் கழிக்காத அத்தான்

என் அக்காவைக் கட்டிக்கொண்ட புண்ணியவானுக்கு ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் போதும். அடுத்த கேள்வி கேட்கவே மாட்டார். இந்தக் குணத்துக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. பீரோ. படுக்கையறைக் கதவை அளந்தவர் நிலையின் மரத்தையும் சேர்த்து அளந்துவிட்டார். வந்த பீரோ உள்ளே போகவில்லை. சாப்பிடும்போதெல்லாம் அதன் கண்ணாடியில் எங்கள் மூஞ்சியையே பார்த்துத் தொலைக்கிறோம்.

அத்தானின் வேலை, ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பங்கு போடும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைக் கட்டி மேய்ப்பது. ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பும். அதுவும் பாவம், இவரை நம்பித்தானே பிழைக்கிறது.

அக்காவைப் பிரசவ வார்டில் சேர்த்த அன்று பார்த்து, நினைவகத்தில் இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் புது வசதியை முடுக்கினார். பங்குக் கணினிகள் எழுந்த வேகத்தில் விழுந்தன. அவை ஓடினால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் வாயருகே பிடித்தேன்.

"எப்பங்க வர்றீங்க?"

"இதோ வந்துட்டேன்மா. மெமரி முகவரிக்கு நாற்பத்தெட்டு பிட்டுன்னு ப்ராசஸரே சொல்லுது. அதைத்தான் கொடுத்திருக்கேன். பூட்டு இல்லாம ஓடுது, போட்டா விழுது."

"அத்தான், பீரோவை அங்க அனுப்பட்டுமா? துணைக்கு இருக்கும்," என்றேன்.

வலி வந்து அக்கா என் கையை நசுக்கினாள். மூச்சு திரும்பியதும் சீறினாள். "பூட்டுக்கு இடம் வேணாமா? இதையும் நிலையோட சேர்த்து அளந்தீங்களா?"

 அந்தப் பக்கம் கீபோர்டு தடதடத்தது.

நாற்பத்தெட்டு என்பது, நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் உள்ள முகவரி எண்ணின் மொத்த அகலம், பிட்டு என்ற இலக்கக் கணக்கில். பூட்டு போட்டால் அதில் மேலே உள்ள ஐந்தை அது எடுத்துக்கொள்ளும்; முகவரிக்கு மிஞ்சுவது நாற்பத்து மூன்றுதான். அந்த ஐந்தையும் ப்ராசஸர் சொல்லும், ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். நம் ஆள் எங்கே கேட்டார்? இல்லாத உயரத்தில் சாமானை அடுக்கச் சொல்லிவிட்டு, சரிந்ததும் திருதிருவென்று முழித்திருக்கிறார்.

கழித்தார், ஓடியது, ஓடிவந்தார். அதற்குள் குழந்தை பிறந்து அழுது முடித்துத் தூங்கியும்விட்டது.

"என்ன குழந்தை?" என்று வாசலிலேயே நர்ஸிடம் கேட்டார்.

"பொண்ணு சார்."

தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நகரவில்லை.

"அவ எப்படி இருக்கா?" அக்காவைத்தான் கேட்டார்.

இரண்டாவது கேள்வி! பாராட்டவில்லை, ஆள் கெட்டுப்போவார். நர்ஸை முந்திக்கொண்டு, "நல்லா இருக்கா, உள்ள போங்க அத்தான்," என்று கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் தொட்டில் வாங்கக் கிளம்பினார். அளக்கும் டேப்பை மட்டும் அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன்.