தண்ணீர் தெளிப்பதற்கு முன்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். வீடில்லாத இளைஞன் சரவணன் என் கடை வாசலில்தான் படுப்பான். காலையில் அவனை எழுப்பக் கூச்சப்பட்டு, அவனைச் சுற்றி மட்டும் வாசல் தெளிப்பேன். ஒரு நாள் காலை அவனுடைய குறட்டை நின்று நின்று வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“போதையில கெடக்கான்க்கா. தெளிஞ்சா எந்திரிப்பான்” என்றார் டீக்கடைக்காரர்.

யாரிடமும் அதிர்ந்து பேசாத நான், “ஆம்புலன்ஸக் கூப்புடுங்க” என்று கத்தியதில் பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் பிழைத்துவிட்டான்.

“சாகத்தான்க்கா மாத்திரை போட்டேன்” என்றான் பிறகு. இப்போது அந்த நினைப்புக்கும் டாக்டரைப் பார்க்கிறான்.

வாசலில் யார் படுத்திருந்தாலும் எழுப்பிப் பேசிய பிறகே தண்ணீர் தெளிக்கிறேன். “சாகணும்னு தோணுதா அப்பு?” என்று சரவணனிடம் நேராகவே கேட்பேன்.

“இல்லக்கா, இட்லி திங்கணும்னு தோணுது” என்பான்.