முதல் பேட்சில் ஒரு சிவப்புப் புள்ளி

கசப்பு தெரியாமல், ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைந்துவிடும் வலிப்பு மாத்திரை. எங்கள் கம்பெனியில் அதை முதலில் செய்து காட்டியவள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஏழு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நியூ டவுனிலிருந்து ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி தாண்டித் தொழிற்சாலைக்குப் போகும் வழியில், நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். மாத்திரை முழுங்கத் தெரியாமல் துப்பிவிடும் குழந்தைகளுக்கானது அது. முதல் பேட்ச் சரியாக வந்தால் சந்தைக்குப் போகும், சொதப்பினால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவோம் என்று டைரக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

முதல் பேட்ச் ஓட்டுவதற்கு முந்தின நாள் விஸ்வகர்மா பூஜை. அன்று ஹவுரா பக்கம் பட்டறைகளில் எந்திரம் ஓடாது. துடைத்து, மாலை போட்டு, சிந்தூரம் வைப்பார்கள். மருந்து தயாரிக்கும் இடத்தில் அது ஆகாது. சிந்தூரத்தில் ஈயம் இருக்கலாம். பூஜையெல்லாம் உற்பத்தி அறைக் கதவுக்கு வெளியே என்று விதி எழுதியவளே நான்தான். வருடாவருடம் அதற்கு வகுப்பெடுத்து எல்லோர் உயிரையும் வாங்குபவளும் நான்தான்.

மாத்திரை எந்திரத்தை ஓட்டுபவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் பூஜைத் தட்டோடு அந்தக் கதவருகே நின்றார். இருபது வருடமாக அதே எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். "நாளைக்குப் பெரிய நாள், திதி. ஒரே ஒரு பொட்டு, உங்க கையால," என்றார் வங்க மொழியில். திதி என்றால் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே போய் எந்திரத்தின் மேல்மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். சாயங்காலம் துடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். துடைக்கவும் செய்தார்கள். மூடியின் இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

மறுநாள் மதியம், வெள்ளை வெளேரென்று வந்துகொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்றில் கடுகளவு சிவப்புப் புள்ளி. என்னவென்று வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எந்திரத்தை நிறுத்தி, மொத்த பேட்சையும் அழிக்கச் சொன்னேன்.

நடந்ததை டைரக்டரிடம் சொன்னேன். அவர் கெட்டிக்காரர். "ஆபரேட்டர் தப்புன்னு ரிப்போர்ட் எழுதுங்க. பேட்ச் போனாலும் திட்டம் தப்பிச்சிடும். நீங்களே விதியை மீறினீங்கன்னு எழுதினா, உங்க மாத்திரையை யாரு நம்புவாங்க?" என்றார். அரைமணி நேரம் எனக்கு அது நியாயமாகவே பட்டது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு எழுதினேன், சிந்தூரம் வைத்தது நான் என்று. சாட்சிக் கையெழுத்துக்குத் தாதாவைக் கூப்பிட்டேன். படித்துவிட்டு அவர் பேனாவைத் தொடவே இல்லை.

"நான் வெச்சேன்னு எழுதுங்க திதி. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். உங்க மாத்திரை வெளியே வரணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு இதுல பொய் எழுதினா, நாளைக்கு அந்த மாத்திரை நல்லதுன்னு நான் எழுதுறதை எந்த அம்மா நம்பிக் குழந்தைக்குக் குடுப்பா? போடுங்க கையெழுத்தை!"

போட்டார். திட்டம் ஒரு வருடம் கிடப்பில் கிடந்தது. மறுபடி தொடங்கியபோது எந்திரத்தை ஓட்டியவர் அவர்தான். வந்த மாத்திரைகளைச் சோதித்து, நல்லது என்று கையெழுத்துப் போட்டவள் நான்.