லூட்சினா படிக்காத முதல் பக்கம்

படுக்கை விரிப்பை இயந்திரத்தின் உருளைக்குள் விடுவதற்கு முன் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைக்கு மூலை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய்க் கோணிக்கொள்ளும். அன்று லூட்சினாவுக்கு எதிரே நின்று இழுத்துக்கொண்டிருந்தவர் மிரெக். பதினோராம் எண் டிராமின் ஓட்டுநர். வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கணவராகப் போகிறவர்.

"மெதுவா. கிழிச்சிடாத. இது பல் டாக்டர் வீட்டு விரிப்பு."

"அவரு பல்லைப் பிடுங்குற வேகத்துக்கு இது பரவாயில்ல."

"இழுக்குற நேரத்துல சிரிப்பு மூட்டாத, கை தளந்துபோகுது."

இரண்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு நோட்டரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் இந்தக் கூடையை முடித்துவிடலாம் என்று லூட்சினா நினைத்திருந்தாள். மிரெக்குக்கு மாலை ஷிப்ட். அதனால் காலையிலேயே வந்து, கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

போஸ்னான் நகரத்து வில்டா பகுதியில் துணியை உருளையில் விட்டு மழமழவென்று ஆக்கித் தருகிற கடைகளில் மிஞ்சியிருப்பது இவளுடையதுதான். மாகெல் என்பார்கள். வம்பு பேசுவதற்கும் அங்கே அதே பெயர்தான். துணி உருளுகிற வரை பெண்கள் நின்று பேசிய பேச்சு அப்படி. லூட்சினாவுக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் பாதியை இப்படி உருளைகளின் பக்கத்தில் நின்றே கழித்திருக்கிறாள். இரட்டைக் கட்டில் விரிப்பு வருவது நின்று, ஒற்றை விரிப்பு இரண்டாக வரத் தொடங்கினால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை அடுத்துக் கூடையோடு வருகிறவளிடம் சொன்னதில்லை. "லூட்சினாகிட்ட சொல்றதும் கிணத்துல போடுறதும் ஒண்ணு" என்று தெருவில் பேச்சு.

தன் கதையையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதல் கணவன் லெஷெக் கடனுக்கு வேன்கள் வாங்கி ஓட்டினான். ஓட்டினான் என்பதைவிட ஓட விட்டான் என்று சொல்வது பொருத்தம். கடைசியில் ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா வந்தபோது வேன்கள் இல்லை, லெஷெக்கும் வீட்டில் இல்லை. அங்கே கல்யாணம் ஆனால் எல்லாம் இருவருக்கும் பொதுவான சொத்து என்பதால் அமீனா அவளுடைய உருளை இயந்திரத்தில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். வாடிக்கைக்காரர்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். மகள் கிங்கா அப்போது மழலைப் பள்ளியில் இருந்தாள். மறுபடி ஓர் இயந்திரம் வாங்க லூட்சினாவுக்கு ஒன்பது வருடம் ஆனது. லெஷெக் கொடுத்த பத்திரங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதுதான் அவள் செய்த தப்பு. ஆபத்தெல்லாம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அவள் பின்னாலிருந்துதான் படிப்பாள். அலுவலகக் காகிதங்களின் தொடக்கம் வெறும் அலங்காரம் என்பது அவள் தீர்மானம்.

மிரெக் வரத் தொடங்கியது மனைவி நோயில் விழுந்தபோது. நாலு வருடம் அந்த அம்மாளைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். விரிப்புகளை அவரே தூக்கிக்கொண்டு வருவார். அந்த அம்மாள் இறந்தபிறகு துணி குறைந்தது, வருகை குறையவில்லை. ஒருநாள் கடைக்குப் பின்னால் இருக்கிற லூட்சினாவின் சமையலறையில் புளித்த மாவு சூப் கொதிக்கிற வாசனையை முகர்ந்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். "விக்கிறதுக்கு இல்ல, உக்காருங்க" என்றாள். அப்படி ஆரம்பித்தது.

அவரை விடவும் அவளுக்கு மனமில்லை, கடையை இன்னொரு தடவை இழக்கவும் தெம்பில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள, சொத்து தனித்தனி என்று ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று மிரெக்கிடம் சொன்னாள். "செய்யி. உன் கடை உன் கடைதானே" என்றார் அவர். அதில் கோபமில்லை. அவருடைய மகன் நோர்பெர்ட்தான் அவள் பயம். இரண்டு வியாபாரம் கவிழ்த்தாயிற்று, மூன்றாவதற்கு அப்பாவிடம் பணம் கேட்டு வந்துகொண்டிருந்தான்.

கிங்காதான் கைப்பேசியில் அந்த ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா வக்கீலு? இதுகிட்ட சொல்லு, எழுதித் தந்துடும். நோட்டரி முத்திரை வச்சாப் போதும்."

"என்னத்த சொல்றது?"

"எல்லாத்தையும். எவ்வளவு விவரமா சொல்றியோ அவ்வளவு நல்லா எழுதும்."

"இது யாருகிட்டயாவது போய்ச் சொல்லுமா?"

"இதுக்கு வாயா இருக்கு?"

வாயில்லாத ஒன்றிடம் பேசுவது எப்படி இருக்கும் என்று அதுவரை லூட்சினாவுக்குத் தெரியாது. கடையடைத்தபின் தட்டத் தொடங்கினாள். லெஷெக்கைப் பற்றி, அமீனா ஒட்டிய காகிதம் பற்றி, நோர்பெர்ட் பற்றி. அது ஒவ்வொன்றுக்கும் "உங்கள் கவலை நியாயமானது, இன்னும் ஏதாவது உண்டா?" என்று கேட்டது. அப்படி அவளை யாரும் கேட்டதில்லை. இன்னும் உண்டு, இன்னும் உண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பதினோரு பக்கத்தில் ஒப்பந்தம் வந்தது. அவள் பதினோராம் பக்கத்தில் ஆரம்பித்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பொடி எழுத்து இல்லை, மாட்டிவிடுகிற வரி இல்லை. இரண்டாம் பக்கம் வந்ததும் மனம் நிம்மதியாகிவிட்டது. கிங்கா அதை நோட்டரிக்கு அனுப்பினாள்.

அன்று மதியம் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்த நோட்டரி அம்மாளுக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டுத் தேடுகிற பழக்கம். எடுத்து மாட்டிக்கொண்டு, "வழக்கமா நாங்களே எழுதிடுவோம், நீங்க அனுப்பினதை இன்னும் பாக்கல. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியணுமில்ல, வாசிச்சிடறேன்" என்றார். அந்த நாட்டில் நோட்டரிகள் எந்தப் பத்திரத்தையும் உரக்க வாசித்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். வாசித்து வாசித்து அவருடைய குரலில் ஏற்ற இறக்கமே போய்விட்டிருந்தது.

"முதல் தரப்பினர், தன் முதல் கணவரின் கடனால் தொழிற்கருவியை இழந்து, அந்த அவமானத்தை இன்றளவும் மறவாதவராக இருக்கிறபடியாலும், இரண்டாம் தரப்பினர், நற்குணமுடையவர் எனினும், தன் மகன் கேட்பது எதையும் மறுக்கும் திறனற்றவராக இருக்கிறபடியாலும்..."

லூட்சினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவள் சொன்னதுதான், கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தக் குரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"...இரண்டாம் தரப்பினர் நாடுவது முதல் தரப்பினரையா, அன்றி அவருடைய சமையலையும் கணப்புள்ள வீட்டையுமா என்பது முதல் தரப்பினருக்கு இதுவரை தெளிவாகாதபடியாலும்..."

அங்கேதான் நோட்டரி அம்மாளுக்குத் தான் வாசிப்பது காதில் விழுந்தது. நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"தொடருங்க" என்றார் மிரெக். டிராமில் யாரோ நிறுத்தம் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோன்ற குரல்.

"வேண்டாம் சார், இதெல்லாம் பத்திரத்துக்குத் தேவையே இல்ல." அவர் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். "பாருங்க, கஷ்டத்துல இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் ஜீவனாம்சம் கேக்க மாட்டோம்னு போட்டிருக்கு, அது இதுல செல்லாது. வாரிசு உரிமையை விடறதுன்னா அது வேற பத்திரம். இங்க ஒரு சட்டப் பிரிவு எண் போட்டிருக்கு, அப்படி ஒரு பிரிவே எனக்குத் தெரிஞ்சு இல்ல. வீட்டுலயே ரெண்டு சாட்சி வச்சுக் கையெழுத்துப் போட்டாப் போதும்னு வேற கடைசியில இருக்கு. அப்படிப் போட்டு பீரோவுல வச்சிருந்தீங்கன்னா, நாளைக்கு யாராவது வந்து கதவைத் தட்டும்போது இது வெத்துத் தாளு."

"அப்போ நான் பயந்ததை எங்க எழுதுறது?" என்று லூட்சினா கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்கயும் எழுத வேண்டாம்மா. சொத்து தனித்தனின்னு சொன்னாப் போதும். சட்டம் உங்ககிட்ட காரணம் கேக்கல."

பக்கத்து மேசைப் பெண்ணிடம் புதிதாக ஒன்றரைப் பக்கம் டைப் அடிக்கச் சொல்லி, அதை வாசித்தார். மிரெக் முதலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கடை காப்பாற்றப்பட்டுவிட்டது.

திரும்பி வரும்போது இருவரும் டிராமில் ஏறினார்கள். ஓட்டுகிற ஆள் மிரெக்கைப் பார்த்துக் கையசைத்தான். மிரெக்கும் அசைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையலறையில் லூட்சினா சூப் பானையைக் கையில் எடுத்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் கை தானாகப் போகிற இடம் அது. எடுத்தவளுக்கு அடுப்பில் வைக்கவும் கூச்சம், திருப்பி வைக்கவும் கூச்சம். பானையோடு நின்றாள்.

"வையி. பசிக்குது" என்றார் மிரெக்.

வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "அது நான் எழுதினது இல்ல. அந்த மெஷின் எழுதினது" என்றாள்.

"திறனற்றவர்னா?"

"உன்னால நோர்பெர்ட்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியலன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். திறன் கிறன்லாம் அது போட்டது."

"அது நிஜந்தான். அவன் கேட்டா எனக்கு வாய் வர மாட்டேங்குது. அதுக்கு நான் கோவிச்சுக்கல." அவர் மேசை விரிப்பின் மடிப்பை நகத்தால் நீவினார். "இன்னொண்ணு?"

லூட்சினா கரண்டியால் கிண்டினாள். கிண்ட வேண்டிய அளவுக்குச் சூடு ஏறவில்லை.

"எவ்வளவு நாளா அப்படி நினைக்கிற?"

"நினைக்கல. தோணுச்சு. ஒரு தடவை."

"ஒரு தடவை தோணினதுதான் இப்ப நோட்டரியம்மாவுக்குத் தெரியும், அவங்க டைப் அடிக்கிற பொண்ணுக்குத் தெரியும், கிங்காவுக்கும் தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டுல எனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

"கிங்கா படிச்சிருக்க மாட்டா. அவ எதையும் படிக்கிற ஆளு இல்ல."

"அம்மாவும் பொண்ணும் ஒரே மாதிரி." அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "என்கிட்டயே கேட்டிருக்கலாமே, லூட்சினா. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"இப்ப கேளு. சொல்றேன்."

அவள் திரும்பினாள். கைப்பேசியில் அத்தனை சுலபமாக வந்த கேள்வி. நாக்கில் வர நேரமானது. "நீ எதுக்கு வர்ற? எனக்காகவா, இதுக்காகவா?" பானையைக் காட்டினாள்.

மிரெக் யோசித்தார். உடனே பதில் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

"மொதல்ல இதுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லல. அந்த வீட்டுல தனியா உக்காந்து ரொட்டியை மென்னு மென்னு தாடை வலிச்சுப்போச்சு. சூடா ஒரு தட்டு, எதிர்ல ஒரு ஆளு. யாரா இருந்தாலும் போதும்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் நீ சூப்பே வைக்கல, ஞாபகமிருக்கா, காய்ச்சல்ல படுத்திருந்த. நான் மூணு மணிநேரம் இருந்துட்டு, பட்டினியாத்தான் ஷிப்டுக்குப் போனேன். டிப்போ வந்தப்புறம்தான் சாப்பிடலைங்கிறதே தெரிஞ்சுது. அன்னிக்கு மாறியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். கண் எரிந்தது. ஆவிதான் என்று இருக்கட்டும் என நினைத்துக்கொண்டாள்.

மிரெக் எழுந்து நாற்காலியில் தொங்கிய சீருடைக் கோட்டை எடுத்தார். ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நான் சொல்லிட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"பதினோரு பக்கத்துல நான் எதுக்கு வர்றேன்னு எழுதியிருக்கு. நீ எதுக்கு என்னை வரச் சொல்றன்னு எங்கயாவது இருக்கா? மெஷின்கிட்ட அதைச் சொன்னியா?"

லூட்சினா வாயைத் திறந்தாள். அத்தனை மாலைகளில் தட்டியதையெல்லாம் மனதில் புரட்டிப் பார்த்தாள். பயம் இருந்தது, கோபம் இருந்தது, அமீனா ஒட்டிய காகிதத்தின் நிறம்கூட இருந்தது. இது மட்டும் எங்கும் இல்லை. அது கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்று உள்ளே உண்டு என்று தெரிந்தது. ஆனால் அதற்கு வார்த்தை தேடிய பழக்கம் அவளுக்கு இல்லை.

மிரெக் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசிப் பொத்தானும் போட்டாயிற்று. இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு தலையை லேசாக அசைத்துவிட்டு, சாப்பிடாமலே கடை வழியாக வெளியே போனார்.