சொன்னவுடன் வரும் அழுகை

காரைக்குடியில் நடக்கும் படப்பிடிப்புக்கு என் மகளைக் கேட்டு வந்தவர், அவள் கன்னத்தில் பவுடர் பூசிப் பார்த்துவிட்டு, "பாப்பா சொன்னவுடனே அழுகுமா, தங்கச்சி?" என்றார்.

அந்தப் பவுடர் மணம், சின்ன வயதில் நான் படப்பிடிப்புப் பார்த்த பள்ளத்தூர்ப் பெரிய வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே நடிக்க வந்த குழந்தை நட்சத்திரத்துக்கும் என்னைப்போல அப்போது எட்டு வயது. இயக்குநர் கையசைத்ததும் அழுதாள்.

"கிளிசரின் இல்லாமலே என்னமா அழுகுது, பாத்தீகளா!" என்று என் அம்மா வியந்தார்.

"எப்புடி அழுகுற?" என்று அவளிடம் கேட்டேன்.

"வீட்டுக்குப் போகணும்னு நெனைச்சுக்குவேன்."

பிறகு அவள் கதாநாயகியானாள். இப்போது தொடர்களில் அம்மாவாக அழுகிறாள்.

மகளின் வாய்ப்பைக் கெடுக்கிறேனோ என்று தயங்கித்தான், "இவளுக்கு அழ வராதுங்க" என்றேன்.

"எனக்கு வரும்மா" என்று மகள் கண்களை நிரப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.