டிசம்பர் தேதியிட்ட ஜூன் பரீட்சை

எங்கள் பள்ளி வாசலில் அந்த ஆகஸ்டில் கட்டிய பேனரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்து. அடேயப்பா, என்ன சாதனை! கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாவது படித்த அத்தனை பேரும் பாஸ் என்று அரசாங்கமே சொல்லிவிட்ட வருஷம் அது. போர்வைக்குள் தூங்கியவனும் பாஸ். அதற்குத்தான் ஹெட்மாஸ்டர் சால்வை போர்த்தி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. பேனரில் பன்னிரண்டு 'சாதனை மாணவர்கள்'. அதில் நான் இல்லை.

எனக்குப் பதினொன்றாவதில் பயாலஜி குரூப் வேண்டும். அதற்கு மார்க் வேண்டும். என் கவலை அந்த ஒன்றுதான். பத்தாவது அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் எனக்கு மஞ்சள் காமாலை. தலை சுற்றச் சுற்றப் போய் எழுதினேன். அறிவியலில் பாதி வெற்றுத்தாள். அப்போது ரத்தம் எடுக்கப் போன லேபில், மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த அக்காவைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. உடம்பு தேறியதும் ஜனவரியிலிருந்து வெறி பிடித்துப் படித்தேன். அப்பா தறியில் பட்டு நெய்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து உரக்க ஒப்பிப்பேன். இதயத்துக்கு எத்தனை அறை என்பது அவருக்கே மனப்பாடம். பொதுத்தேர்வில் காட்டிவிடலாம் என்றிருந்தேன். தேர்வு ரத்து, காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகைப் பதிவையும் வைத்துத்தான் மதிப்பெண் என்று டிவியில் சொன்னபோது நான் அழுத அழுகை இருக்கிறதே!

ஜூனில் ஒரு நாள் வகுப்பு மிஸ் போனில் குரல் பதிவு அனுப்பினார். "நாளைக்குக் காலைல எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்க. யூனிபார்ம் வேணாம், பை வேணாம். பின் கேட்டு வழியா வாங்க. யாராச்சும் கேட்டா, புக் வாங்கப் போறோம்னு சொல்லுங்க." நான் ஒரு தடவை கேட்டு முடிப்பதற்குள் அதை அழித்தும்விட்டார்.

போனால், பெஞ்சுக்கு ஒருத்தர். ஆளுக்கு ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர். அதோடு டிசம்பர் மாதத்து அரையாண்டுக் கேள்வித்தாள்! திருத்திய விடைத்தாள்களை ஜனவரியிலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது கல்வி அலுவலகம் அவற்றைக் கேட்கிறது. பாதிப் பேர் தொலைத்துவிட்டார்கள். மீதிப் பேரின் மார்க் பேனருக்குப் போதாது. ஆகவே எல்லோரும் மறுபடி எழுத வேண்டுமாம். "மேல டிசம்பர் தேதி போடுங்க. கைடு டெஸ்க்குக்குள்ள இருக்குது. ஜல்தியா முடிங்க" என்றார் மிஸ்.

மூன்று நாளில் ஐந்து பாடமும் முடிந்தது. வகுப்பே கைடைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது. "இன்னாடி, கைடு இருக்க சொல்ல மேல பாத்துகினு கீற?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. எனக்கு ரோஷம். படித்ததெல்லாம் தலையில் இருக்கும்போது நான் ஏன் காப்பியடிக்க வேண்டும்? பொய்த் தேதியைப் போட்டபோது மட்டும் அந்த ரோஷம் எங்கே போயிருந்ததோ! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தமிழ்த் தாளில் ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். தெருவில் குப்பை அகற்றக் கோரி நகராட்சி ஆணையருக்கு எழுத வேண்டும். மற்றவர்கள் கைடிலிருந்த கடிதத்தை அப்படியே இறக்கினார்கள். நானோ எங்கள் தெருவையே எழுதினேன். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து குப்பை வண்டி வருவதில்லை, கழற்றிப் போட்ட முகக்கவசங்கள் சாக்கடையை அடைத்துக்கொண்டிருக்கின்றன, கொரோனா பரவும் இந்த நேரத்தில் தாங்கள் மனம் இரங்க வேண்டும் என்று உருகி உருகி இரண்டு பக்கம். மேலே டிசம்பர் தேதி.

எல்லாப் பரீட்சையும் முடிந்த மறுநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் தமிழ் ஐயா என் தாளோடு நின்றிருந்தார்.

"உலகத்துக்கே தெரியாதது உனக்கு மட்டும் டிசம்பர்லயே தெரிஞ்சிருக்குதும்மா. பெரிய சயின்டிஸ்ட் நீ!" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அந்த ரெண்டு பக்கம் மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துடறேன் சார்."

"தையல் போட்டு முடிச்சாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல கட்டு கல்வி ஆபீசுக்குப் போகணும். மத்த பேப்பர்ல இன்னும் என்னென்ன எழுதி வெச்சிருக்கியோ! பேஜாரு."

என் ஐந்து தாள்களையும் எடுத்து ஓரமாகப் போட்டார். ஜனவரியில் விடைத்தாள் கொடுத்த அன்று நான் பள்ளிக்கு வராததால், என்னுடைய பழைய தாள்கள் பீரோவிலேயே கிடந்தன. அவற்றைத் தூசி தட்டிக் கட்டில் சேர்க்கச் சொன்னார். ஆக, எல்லோருடைய ஜூன் தாளும் டிசம்பர் என்று போயிற்று. என்னுடையது மட்டும் நிஜ டிசம்பர், காமாலையோடு.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அரசுப் பள்ளியில் பயாலஜி இடமெல்லாம் அதற்குள் நிரம்பியிருந்தது. மறுபடி எங்கள் ஹெட்மாஸ்டரிடமேதான் போய் நின்றோம்.

ஹெட்மாஸ்டர் என் மார்க்கை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "இந்த மார்க்குக்குப் பயாலஜி குரூப் தர முடியாதுங்க. காமர்ஸ் எடுத்துக்கட்டும். ஸ்கூலுக்குன்னு ஒரு தரம் இருக்குதில்லையா?"

தரமாம்! அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்குக் கூசவில்லை.

அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "சார், இந்த ஸ்கூல்ல பரிச்ச எழுதி மார்க் வாங்கினது எம்பொண்ணு ஒருத்திதான். அதுக்குதான் சீட்டு இல்லைன்றீங்க" என்றார்.

ஹெட்மாஸ்டர் காமர்ஸ் விண்ணப்பத்தை என் பக்கமாகத் தள்ளினார். "கையெழுத்துப் போட்டு, கீழ தேதி போடும்மா."

பேனாவை எடுத்தேன்.

"எந்த மாசத்துத் தேதி சார் போடணும்?"

அவர் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றினார். நான் காமர்ஸ்தான் படித்தேன்.