கிளை கட்டிய ஆட்டோ

அன்றைக்கு என் ஆட்டோ கெட்டுப் போகவே இல்லை. ஓடுகிற வண்டியை முனையில் நிறுத்தி, பின்னால் ஒரு புங்கங்கிளையைக் கட்டி, கெட்டுப் போனதாக ஊரையே நம்ப வைத்தேன். எங்கள் காலனிக்கு வரவேண்டிய பஸ்ஸைத் தடுத்தவன் நான்தான்!

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று எங்கள் காலனிக்குள் பஸ் வந்துவிட்டது! அந்தச் சந்தோஷம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் வாய் திறந்துகொண்டதோ என்னவோ. நீங்கள் எங்கள் காலனிக்காரர் இல்லை. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிப் பக்கம், கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் காலனி. ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்து பாருங்கள்... ஆளுக்கொரு பைக், ஹாரன், புகை! நடப்பவர்களுக்கு ஓரம்கூடக் கிடையாது. நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டயரில் சின்னச் சத்தம் கேட்டாலே மனசு மருத்துவமனை வரைக்கும் போய்த் திரும்பும்.

அப்படிப்பட்டவன் காதில் அந்தச் செய்தி விழுந்தது. காலனி வழியாக டவுன் பஸ் விடப்போகிறார்கள்!

பஸ்ஸைக் கேட்டுக் கிளம்பியவள் லூர்து மேரி. அடுத்த தெரு. கம்பெனியில் பாகங்களைப் பொருத்துகிற வேலை. வீடு வீடாக ஏறி, தமிழில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம் பேசி மனுவில் கையெழுத்து வாங்கினாள். அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. படித்தவர்கள் பேசுகிற இடத்தில் நான் என்ன பேச? வீட்டிலேயே உட்கார்ந்து பயந்தேன். பஸ் வந்தால் என் வண்டியில் யார் ஏறுவார்கள்? அந்த ஒரே கேள்வி... சோறு இறங்கவில்லை!

தண்ணீர்த் தொட்டி முனையில் பஸ் திரும்புமா என்று ஓட்டிப் பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். அன்று காலையில் நான் அந்த முனையில் வண்டியை நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். கிளையை ஒடித்துக் கட்டினேன்.

பஸ் வந்தது. அதிகாரி இறங்கினார்.

"என்னய்யா ஆச்சு?"

"முன்சக்கரம் புடிச்சிக்கிச்சி சார். மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன்."

அவர் கிளையைப் பார்த்தார். அவ்வளவுதான்! கிளை கட்டிய வண்டியை நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? பரிதாபப்படுவார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். பஸ்ஸால் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடி வந்தது. டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆட்டோவத் தூக்கி இடுப்புல வெச்சிக்கினு போவச் சொல்றீங்களா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... ஐயோ, சிரித்தேனே!

"ஒரு ஆட்டோ நின்னாலே திரும்ப முடியலன்னா, இந்த முனைய நம்பி ரூட் போட முடியாதும்மா" என்றார் அதிகாரி, கூட வந்திருந்த மேரியிடம்.

"சார், இன்னைக்குன்னு பார்த்துக் கெட்டுப் போயிருக்குது சார்! தெனமுமா இங்க நிக்கப்போவுது?" மேரி அவர் பின்னாலேயே ஓடினாள். பஸ் போய்விட்டது. திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. "வுடுங்கண்ணா... நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள்.

அவள் தலை மறைந்ததும் கிளையை அவிழ்த்தேன். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸை ஹைவே வழியாகவே விட்டார்கள். நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் இடுப்புயரச் சுவர். கடக்கிற இடம் வெகுதூரம் தள்ளி இருந்தது. ஷிப்டுக்கு நேரமானவர்கள் அவ்வளவு தூரம் நடப்பார்களா? எல்லோரும் சுவரைத் தாண்டினார்கள். மேரியும் தாண்டினாள். ஒரு மழைக்காலக் காலையில் வழுக்கி விழுந்தாள். கால் எலும்பு முறிந்துவிட்டது.

அவளை அள்ளிக்கொண்டு போனது யார் தெரியுமா? நான்! அதே ஆட்டோ! வலியில் முந்தானையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க இல்லன்னா என் கதி என்னண்ணா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? நான் ஹாரன் அடித்தேன்... வேறென்ன தெரியும் எனக்கு?

அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. அன்றிலிருந்து கம்பெனிக்கு என் ஆட்டோவில்தான் வருகிறாள். பஸ்ஸால் பிழைப்பு போய்விடும் என்று பயந்தேனே... பஸ் வராததால் எனக்கு நிரந்தரமாக ஒரு சவாரி கிடைத்தது. இந்தக் கணக்கை எந்தச் சாமி போட்டது!

மேரி விடவில்லை. நொண்டிக்கொண்டே அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். ஒருநாள் வண்டியில் வரும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "மொதக் கூட்டத்துலயே சொன்னாங்கண்ணா. பஸ்ஸு மெயின் தெருவோட நின்னுடும், உள் தெருவுக்கெல்லாம் ஷேர் ஆட்டோதான் ஆள் ஏத்தணுமாம். முனையில ஸ்டாண்டே தரேன்னாங்க. நீங்கதான் வரல."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவன் திட்டிவிட்டுப் போனான். நான் போயிருந்தால்... ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால்!

நேற்று மறுபடி பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். காலனியே முனையில் திரண்டுவிட்டது. பைக்குகளை எல்லாம் தள்ளி நிறுத்தி, தெருவைப் பெருக்கி... கல்யாண வீடுபோல! மேரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த முனை அண்ணனுக்குத்தான் அத்துப்படி. நீங்க சைடு பாருங்கண்ணா!"

போய் நின்றேன். அதே இடம். எதிரே பஸ்! அதே பழைய டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்ப்பா, இன்னைக்கு உன் வண்டி நல்லாக்கீதா?"

சிரிப்பு வெடித்தது. கையைத் தூக்கினேன்.

"வா வா வா... லெப்ட்ல ஒடி! இன்னும் ஒடி!"

பூக்கடை கௌரம்மா கன்னடத்தில் கத்தினாள்: "பர்லி! பர்லி!" வரட்டும், வரட்டும்! தொட்டிச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி... அரைக் கை... திரும்பிவிட்டது! ஐயா, திரும்பிவிட்டது! விசில் காதைப் பிளந்தது. நான் அழுதேன். அழுகையைப் பார்த்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். இந்த முனையில் பஸ் அன்றைக்கே திரும்பியிருக்கும் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தானே தெரியும்!

"மொதல்ல மேரியக்கா ஏறட்டும்!" என்று கத்தினார்கள். அவள் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலை மேலே வைத்தாள். மற்ற கால் வரவில்லை. பஸ்ஸின் முதல் படி அவ்வளவு உயரம். இன்னொரு தடவை எம்பினாள்... முடியவில்லை. எல்லோரும் தூக்கிவிட ஓடினார்கள். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"தெனமும் என்னைத் தூக்கத்தான் நீங்கெல்லாம் வேலைக்கி வர்றீங்களா? போங்க, எல்லாரும் ஏறுங்க!"

பிறகு என் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தாள். "பஸ்ஸு பின்னாடியே வுடுங்கண்ணா! ஹாரன் அடிங்க!" என்று சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினாள். அடித்தேன். ஹைவே வரைக்கும் அடித்துக்கொண்டே போனேன். அவள் கொண்டு வந்த பஸ் முன்னால் போகிறது... அவள் என் வண்டியில்.

இறங்கும்போது சொன்னாள்: "அடுத்த மனு இதுக்குத்தாண்ணா. படி தாழ்வா இருக்கிற பஸ்ஸு வேணும்னு கேக்கப்போறேன். செவ்வாக்கெழம கூட்டம். இந்த வாட்டி நீங்க வந்தே ஆவணும். என் காலு எப்பிடிப் போச்சின்னு நீங்கதான் எந்திரிச்சிச் சொல்லணும். கூட இருந்தது நீங்கதானே!"

"வரேம்மா" என்றேன்.

போவேன். இந்தத் தடவை கட்டாயம் போவேன். எழுந்து நிற்பேன். அவள் கால் எப்படிப் போனது என்று சொல்வேன். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பேன்? வழுக்கிய சுவரிலிருந்தா, தண்ணீர்த் தொட்டி முனையிலிருந்தா?

என்னை எனக்குத் தெரியும். சுவரிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.